வெள்ளம் வடிந்த பிறகு வரும் கணக்கு

கொள்ளிடக் கரையில் ஆகஸ்ட் மாத வெள்ளம் வெயிலோடு வரும். வானத்தில் மேகம் இருக்காது. உள்ளூரில் ஒரு தூறல்கூட விழுந்திருக்காது. குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை அடித்துக் கொட்டி, மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டு, 16 கண் மதகு வழியாக உபரித் தண்ணீர் கிளம்பிவிட்டால், அது முக்கொம்பையும் கீழணையையும் கடந்து இரண்டு மூன்று நாளில் சிதம்பரத்துக்குத் தெற்கே வந்துவிடும். அங்கே கொள்ளிடத்துக்கும் பழைய கொள்ளிடத்துக்கும் நடுவில் திட்டுக்காட்டூர், கீழகுண்டலபாடி, அக்கரை ஜெயங்கொண்டபட்டினம் என்று சில சின்ன ஊர்கள் இருக்கின்றன. வண்டல் மண். கத்தரியும் வெண்டையும் பூச்செடியும் போட்டால் பொன்னாக விளையும். ஆற்றில் விநாடிக்கு 2 லட்சம் கன அடி வந்தால் அந்தப் பயிரெல்லாம் தண்ணீருக்கடியில்.

2018 ஆகஸ்டில் அப்படித்தான் ஆனது. முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் உடைந்து விழுந்தது அந்த வெள்ளத்தின்போதுதான். தமிழ்நாடே அந்த மதகுகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, கடைமடையில் இந்தத் திட்டு ஊர்களின் ஜனங்கள் ஆட்டுக்குட்டிகளைத் தோளில் போட்டுக்கொண்டு படகேறினார்கள். நான்கு வருடம் கழித்து, 2022 ஆகஸ்டில், மறுபடியும் படகு.

இந்தப் பகுதியில் கிராம நிர்வாக அலுவலராக நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். பேர் வேண்டாம் என்பார். மூத்தவர்கள் அவரை இன்னமும் ‘மணியார்’ என்றும், இளையவர்கள் ‘விஏஓ சார்’ என்றும் கூப்பிடுகிறார்கள். பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகளை 1980 நவம்பரில் அரசு ஒழித்த பிறகு, தேர்வெழுதி வேலைக்கு வந்த தலைமுறையைச் சேர்ந்தவர். அவருடைய தொழிலைச் சிட்டா, அடங்கல், வருமானச் சான்று என்று நினைப்பவர்கள் உண்டு. கடலூர் மாவட்டத்தில் அந்தத் தொழிலின் பாதி, இயற்கை அடித்துப் போட்டதை எழுதுவது. எத்தனை வீடு, எத்தனை மாடு, எத்தனை ஏக்கர், எத்தனை பிணம். வெள்ளம் ஒரு வாரத்தில் வடிந்துவிடும். அந்த வாரத்தில் எழுதிய பட்டியல் ஒரு குடும்பத்தின் அடுத்த ஐந்து வருடத்தைத் தீர்மானிக்கும் என்பது அவர் அனுபவத்தில் கண்டது.

இந்த மாவட்டத்தின் அமைப்பே அப்படி. தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் என ஐந்து ஆறுகள் இங்கேதான் கடலில் சேர்கின்றன. மேலே எங்கெங்கோ பெய்த மழையெல்லாம் கடைசியில் இந்தக் கரையைத் தேடி வரும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய வீராணம் ஏரி சுமார் 45 ஆயிரம் ஏக்கருக்குப் பாசனம் தருகிறது, 2004 முதல் சென்னைக்குக் குடிநீரும் தருகிறது. அது நிரம்பி வெள்ளியங்கால் ஓடையில் உபரி நீரைத் திறந்தால் திருநாரையூர், குமராட்சிப் பக்கத்து வயல்கள் மூழ்கும். சேத்தியாத்தோப்புப் பக்கம் திறந்தால் வெள்ளாற்றில் தண்ணீர் ஏறும். ஊரைக் காப்பாற்றத் திறக்கிற மதகு இன்னோர் ஊரை நனைக்காமல் போவதில்லை.

வரலாறும் நீளம்தான். 1749 ஏப்ரலில், ஆங்கிலேயக் கம்பெனிப் படை கொள்ளிடக் கழிமுகத்தில் இருந்த தேவிக்கோட்டையைப் பிடிக்கக் கடலூரிலிருந்து கிளம்பியபோது பெரும் புயல் அடித்தது. கடலூர் செயின்ட் டேவிட் கோட்டைப் பக்கத்தில் ‘நாமூர்’ என்ற போர்க்கப்பல் மூழ்கி 500 பேருக்கு மேல் இறந்தார்கள். ‘பெம்புரோக்’ என்ற கப்பலும் போனது. கப்பல்களின் பேர் இருக்கிறது, பீரங்கிகளின் எண்ணிக்கைகூட இருக்கிறது. அன்றைக்கு அதே கரையில் குடிசை போட்டுக்கொண்டிருந்த ஊர்களில் என்ன ஆனது என்பதைக் கப்பல் கணக்கு எழுதியவர்கள் எழுதவில்லை. எழுதுகிறவருக்கு எது சொந்தமோ அதுதான் பட்டியலில் ஏறும். இந்தப் பழைய கதையை மணியார் அடிக்கடி எடுத்துச் சொல்வதற்குக் காரணம் அதுதான்.

1972 டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு புயல் கடலூருக்கு அருகே கரையைக் கடந்தது. அப்போது இது தென்னாற்காடு மாவட்டம். 2000 நவம்பர் கடைசியில் இன்னொன்று வந்தது. இவற்றைப் பார்த்துப் பழகிய ஊர்க்காரர்களுக்குத் துறைமுகத்தில் எந்த எண் கூண்டு ஏறினால் என்ன செய்ய வேண்டும் என்பது தெரியும். மூன்றாம் எண் என்றால் கட்டுமரத்தை மேட்டுக்கு இழுப்பார்கள். எட்டு, ஒன்பது, பத்து என்றால் கூரைமேல் கயிறு போட்டுக் கட்டிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போவார்கள்.

2004 டிசம்பர் 26 அன்று எந்தக் கூண்டும் ஏறவில்லை.

அது ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி, காலை நேரம். காற்றும் இல்லை, மழையும் இல்லை. தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, சோனாங்குப்பம், சாமியார்பேட்டை, புதுக்குப்பம், கிள்ளைக்குக் கிழக்கே மணல்திட்டில் இருந்த எம்ஜிஆர் திட்டு என்று கரை நெடுகக் கடல் உள்ளே ஏறியது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். அதில் குழந்தைகளும் பெண்களும் அதிகம். ஆண்களில் பலர் கடலுக்குள் இருந்ததால் பிழைத்தார்கள். கரையில் மீனுக்காகக் காத்திருந்த பெண்கள் ஓட முடியாமல் போனார்கள். இந்தியாவில் சுனாமி எச்சரிக்கை மையம் ஐதராபாத்தில் அமைந்தது 2007இல்.

அந்த வாரத்தில் கிராம நிர்வாக அலுவலர்கள் செய்த வேலையைப் பற்றி அதிகம் யாரும் எழுதியதில்லை. பிணத்தை அடையாளம் காட்ட ஆள் வேண்டும். அடையாளம் காட்டக்கூடியவரும் இறந்திருப்பார். ரேஷன் கார்டு கடலோடு போயிருக்கும். இறந்தவர் இந்த ஊர்தான், இன்னாருக்கு மகள்தான் என்று சொல்லிக் கையெழுத்துப் போடுகிற பொறுப்பு கிராம அலுவலரிடம் வந்து நின்றது. வாக்காளர் பட்டியலை ஒரு கையிலும் அங்கன்வாடிப் பதிவேட்டை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு அவர் தெருத் தெருவாகப் போனார். வாக்காளர் பட்டியலில் குழந்தைகள் இல்லை. அங்கன்வாடி ஊழியரின் நோட்டுப் புத்தகம் இல்லாவிட்டால் பல குழந்தைகள் பேரில்லாமலேயே போயிருக்கும் என்கிறார் மணியார். ‘பேரிடர்ல முதல்ல காப்பாத்த வேண்டிய சர்க்கார் சொத்து அந்த நோட்டுதான்.’

பிச்சாவரம் சதுப்பு நிலக்காடுகளுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று உடனே பேச்சு எழுந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையத்தைச் சேர்ந்த கதிரேசனும் ராஜேந்திரனும் கரையோரத்தில் 18 குக்கிராமங்களை ஆராய்ந்து 2005இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். அடுத்த வருடமே வேறு ஆய்வாளர்கள், ஊர் கடலிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம் என்பவையே பெரும்பாலும் சேதத்தைத் தீர்மானித்தன என்று மறுத்தார்கள். விவாதம் உலக அளவில் நடந்தது. களத்தில் நின்றவர் இரண்டையும் ஒப்புக்கொள்கிறார்: காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் கடலிலிருந்து தள்ளியும் இருந்தன. மணல்திட்டில் கடலை ஒட்டி இருந்த எம்ஜிஆர் திட்டுக்கு அந்த இரண்டு பாதுகாப்பும் இல்லை. அந்த ஊர் பிறகு உள்நிலத்துக்குக் குடிமாறியது.

நிவாரணம் வந்தபோது படகுக்கு ஒரு கணக்கு, கட்டுமரத்துக்கு ஒரு கணக்கு, வலைக்கு ஒரு கணக்கு இருந்தது. கிள்ளைப் பக்கத்தில் உப்பங்கழியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிற இருளர் குடும்பங்களிடம் படகும் இல்லை, வலையும் இல்லை. அவர்கள் இழந்தது வேலை நாள்களை. அந்தக் கழியில் மாதக்கணக்கில் இறங்க முடியாமல் போனதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? படிவத்தில் அதற்குக் கட்டமே கிடையாது. இந்தக் கேள்வி மணியாரை அன்றைக்குப் பிடித்தது, இன்னும் விடவில்லை.

2011 டிசம்பர் 30 அதிகாலையில் வந்த தானே புயல் வேறு வகை. தண்ணீரைவிடக் காற்று செய்த வேலை அது. மணிக்கு 140 கிலோமீட்டர் வரை வீசி, புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரை கடந்தது. பண்ருட்டியின் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. கணக்கெடுப்புக்குச் சிதம்பரம் பக்கத்திலிருந்தும் அலுவலர்களை அனுப்பினார்கள். நெல் வயலைப் பார்த்துப் பழகியவர்களுக்கு முந்திரித் தோப்பில் எப்படி எண்ணுவது என்று தோப்புக்காரர்கள்தான் சொல்லிக் கொடுத்தார்கள். சாய்ந்த மரம் வேறு, முறிந்த மரம் வேறு. முறிந்தது துளிர்க்கக்கூடும், சாய்ந்தது போனது போனதுதான். நெல் போனால் அடுத்த பட்டம் இருக்கிறது. பலா போனால் அப்பா நட்டதைப் பிள்ளை மறுபடி நட வேண்டும், பேரன்தான் நிறையப் பழம் பார்ப்பான். ஹெக்டேருக்கு இவ்வளவு என்று ஒரே ஒரு முறை தருகிற தொகை அந்தக் காத்திருப்பை எப்படி ஈடு செய்யும்?

பிறகு மழையின் வருடங்கள். 2015 நவம்பர் 9ஆம் தேதி இரவு நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பக்கத்தில் விசூர், பெரியகாட்டுப்பாளையம் போன்ற ஊர்களில் ஓடை ஊருக்குள் புகுந்து வீடுகளோடு ஆட்களையும் இழுத்துச் சென்றது. வருடம் முழுக்கக் காய்ந்து கிடக்கிற ஓடை அது. அதன் கரையில் வீடு கட்டியவர்களில் பெரும்பாலோர் வேறு நிலம் இல்லாதவர்கள். 2020 டிசம்பர் தொடக்கத்தில் புரெவி புயல், தமிழ்நாட்டுக் கரைக்கே வராமல் மன்னார் வளைகுடாவில் நின்றுகொண்டு, சிதம்பரத்தில் ஒரே நாளில் 30 சென்டிமீட்டருக்கு மேல் பெய்ய வைத்தது. நடராசர் கோயிலுக்குள் முழங்கால் தண்ணீர் நின்ற படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. கோயிலிலிருந்து கொஞ்ச தூரத்தில் சம்பா வயல்கள் நாள்கணக்கில் முங்கிக் கிடந்தன. அந்தப் படத்தை அதிகம் பேர் போடவில்லை. தண்ணீர் வடிந்து, மிஞ்சிய பயிர் கதிர் முற்றி நின்ற 2021 ஜனவரியில், அறுவடைக் காலத்தில் வழக்கமாக வராத மழை வந்து அதையும் சாய்த்தது. சாய்ந்த கதிரில் நெல் வயலிலேயே முளைத்தது.

புயல் வருகிறது என்றால் கிராம அலுவலரின் வேலை இரண்டு நாள் முன்பே தொடங்கிவிடும். பள்ளிக்கூடத்துச் சாவி யாரிடம்? பல்நோக்குப் பாதுகாப்பு மையத்தில் தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருக்கிறதா? மரம் அறுக்கிற இயந்திரம் யார் வீட்டில் இருக்கிறது? நிறைமாதக் கர்ப்பிணிகள் யார் யார்? கிள்ளையிலிருந்து படகு வருமா? முன்பெல்லாம் தண்டோரா போடுவார்கள். பறையடித்து அறிவிக்க ஆளை அனுப்பும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லி 2022இல் அரசு உத்தரவிட்டது, நியாயமான உத்தரவு. இப்போது ஆட்டோவில் ஒலிபெருக்கி, கைப்பேசியில் வாட்ஸாப். ஆனால் ஒலிபெருக்கியைக் கேட்டு யாரும் வீட்டை விட்டுக் கிளம்ப மாட்டார்கள். திட்டு ஊர்களில் அவர் கற்றுக்கொண்ட பாடம்: முதலில் மாட்டுக்கு இடம் பார்க்க வேண்டும். கரைமேட்டில் மாடு கட்ட இடமும் இரண்டு கட்டு வைக்கோலும் ஏற்பாடு செய்துவிட்டால், மாட்டின் பின்னால் மனிதர்கள் தாமாக வந்துவிடுவார்கள். மாட்டை விட்டுவிட்டு வாருங்கள் என்று சொன்னால் போலீஸ் வந்தாலும் நகர மாட்டார்கள். கறவை மாடுதான் அந்த வீட்டின் மாதச் சம்பளம்.

தண்ணீர் வடியத் தொடங்கியதும் தொழிலின் கடினமான பகுதி வரும். உதவி வேளாண்மை அலுவலரும் கிராம நிர்வாக அலுவலரும் சேர்ந்து வயல் வயலாக நடந்து எழுத வேண்டும். 2015க்கு முன்னால் பாதிப் பயிருக்கு மேல் அழிந்தால்தான் நிவாரணம். அந்த வருடம் மத்திய அரசு அதை 33 சதவீதமாகக் குறைத்தது. நல்ல மாற்றம். ஆனால் வரப்பில் நின்றுகொண்டு 33ஐ எப்படிப் பார்ப்பது? தண்ணீருக்கு மேலே பச்சையாக இருக்கும். தூரைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்து நாற்றமடிக்கும். பூக்கும் பருவத்தில் முங்கிய பயிர் பத்து நாள் கழித்துப் பார்த்தால் கம்பீரமாக நிற்கும், அறுத்தால் அத்தனையும் பதர். அவசரமாகக் கணக்கெடுத்தால் விவசாயிக்கு நஷ்டம். தாமதமாக எடுத்தால் நிவாரணம் அடுத்த பட்டத்துக்கு உதவாது.

‘இது முப்பத்து மூணு வருமா சார்?’ என்று கேட்கிற விவசாயிக்கு அவர் வரப்பிலிருந்து பதில் சொன்னதில்லை. வயலில் இறங்கி நான்கு மூலையிலும் நடுவிலும் தூர் பிடுங்கிக் காட்டி, ‘நீங்களே சொல்லுங்க’ என்பார். எல்லோரும் பார்க்கப் பிடுங்கிய தூருக்குப் பின்னால் சண்டை குறைவு.

தொகைகளும் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. நிவர், புரெவி புயல்களுக்குப் பிறகு பாசன நெல்லுக்கு ஹெக்டேருக்கு 13,500 ரூபாயாக இருந்ததை மாநில அரசு 20 ஆயிரமாக உயர்த்தித் தந்தது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பின் குடிசைக்கு 8,000, மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000 என்று உயர்ந்தது. வயலில் மணல் மேவினால் அதை அகற்றவும் உதவி உண்டு, 3 அங்குலத்துக்கு மேல் படிந்திருக்க வேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையால் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி திறந்து, தென்பெண்ணை கரை புரண்டு கடலூரின் புறநகர்களையும் வயல்களையும் மூழ்கடித்தபோது, ஓய்வு பெற்ற அவரிடம் இளைய அலுவலர்கள் போனில் கேட்ட கேள்விகளில் ஒன்று அந்த மணல் பற்றித்தான். ஆழத்தை எங்கே அளப்பது? ஒரே வயலில் ஒரு பக்கம் ஓர் அடியும் மறுபக்கம் ஓர் அங்குலமும் கிடக்கும். பல இடத்தில் குச்சி ஊன்றி அளந்து, அளந்த இடத்தைப் படம் எடுத்து, விவசாயியின் கையெழுத்தையும் வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

இவ்வளவும் நிலம் வைத்திருப்பவருக்கு. சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் கோயில், மடம், வெளியூரில் குடியேறிவிட்டவர்கள் ஆகியோரின் நிலம் நிறைய. உழுகிறவர் குத்தகைக்காரர், பெரும்பாலும் வாய்வார்த்தைக் குத்தகை. விதை, உரம், நடவுக் கூலி எல்லாம் அவர் கடன். வெள்ளம் கொண்டுபோவது அவருடைய பயிரை. நிவாரணப் பணம் போவது பட்டாதாரரின் வங்கிக் கணக்குக்கு. மனசாட்சி உள்ள பட்டாதாரர்கள் கொடுத்துவிடுகிறார்கள். சிலர் குத்தகைப் பாக்கியில் கழித்துக்கொள்கிறார்கள்.

ஒரு வெள்ளத்துக்குப் பிறகு, இரண்டு ஏக்கர் வாரத்துக்கு உழுத மூதாட்டி அவரைக் கேட்டார்: ‘ஏன் தம்பி, என் பேரு எழுதினியா?’

‘பட்டா வேற பேருல இருக்கு, ஆயா.’

‘நட்டது நான்தானே?’

அதற்குப் பதில் சட்டத்தில் இருக்கிறது. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969 முதல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் உண்டு. அடங்கலில் யார் சாகுபடி செய்கிறார் என்று எழுத இடமும் உண்டு. எழுதினால் நிலம் கைவிட்டுப் போய்விடும் என்று நிலக்காரர் பயப்படுகிறார். எழுதச் சொன்னால் அடுத்த வருடம் குத்தகை கிடைக்காது என்று உழுகிறவர் பயப்படுகிறார். இரண்டு பயத்துக்கும் நடுவில் அந்த இடம் காலியாகவே இருக்கிறது. அந்த மூதாட்டியின் பேரை அவர் அடங்கலில் ஏற்றினார். நிலக்காரரிடம் நேரில் போய், இது நிவாரணத்துக்கும் காப்பீட்டுக்கும்தான், உரிமை மாறாது என்று பேசிச் சம்மதிக்க வைத்த பிறகு. ஊர் ஊராக அப்படிப் பேசிப் பேசித்தான் சில பேர்கள் ஏறின. உத்தரவால் மட்டும் ஏறவில்லை. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற கூலிப் பெண்களின் பேருக்கோ எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை. வயல் முங்கினால் அவர்களுக்கும் அந்தப் பட்டத்தின் வருமானம் போகிறது.

பயிர்க் காப்பீட்டிலும் இதே முடிச்சு இருக்கிறது. 2016இல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் விளைச்சல் இழப்பைத் தனித்தனி வயலாகப் பார்க்காமல் வருவாய்க் கிராம அளவில், 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளந்து அறுத்துப் பார்த்து, சராசரி எடுத்துக் கணக்கிடுகிறார்கள். மேட்டு வயல் விளைந்துவிட்டால் அதே கிராமத்துப் பள்ளத்து வயலுக்கு இழப்பீடு குறையும். திட்டு ஊர்களில் இது பெரிய அநியாயமாக முடிகிறது என்பது அவர் கருத்து. பள்ளத்து நிலங்களைத் தனி அலகாகப் பிரித்து அறிவிக்க வேண்டும் என்கிறார். காப்பீட்டில் சேர அடங்கல் வேண்டும். சம்பாவுக்குக் கடைசித் தேதி வழக்கமாக நவம்பர் 15. வடகிழக்குப் பருவமழை உச்சத்தில் இருக்கிற அந்த வாரத்தில்தான் அலுவலக வாசலில் அத்தனை கூட்டமும் நிற்கும், அலுவலரோ ஏரிக்கரையில் மணல்மூட்டை அடுக்கிக்கொண்டிருப்பார்.

ஆகவே அவர் சொல்வது பருவமழைக்கு முன்பே செய்யக்கூடிய வேலை. நடவு முடிந்ததும் அலுவலர் அடங்கலை வயலில் நின்று எழுத வேண்டும். உழுகிறவர் பேரை நிலக்காரர் முன்னிலையில் சேர்க்க வேண்டும். கர்ப்பிணி, குழந்தை, முதியவர், புறம்போக்குக் குடிசை ஆகியவற்றின் பட்டியலை ஐப்பசிக்கு முன் புதுப்பித்து இன்னொரு பிரதியை வெளியூரில் வைக்க வேண்டும். கடலூர் மாவட்டத்தில் குத்தகைக்கும் வாரத்துக்கும் உழுகிறவர்கள் இந்த வருடம் நாற்று பறித்த கையோடு கிராம அலுவலகத்துக்குப் போய், அடங்கலில் தங்கள் பேர் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் எழுதச் சொல்லி மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கிக்கொண்டு வாருங்கள்.